சேர்ட் ஒன்றுக்கு எத்தனை வழி: கடையா, தையல்காரரா, வீட்டு மெசினா?

அப்பாவின் வலது தோள் இடது தோளைவிட இறங்கியிருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து மூட்டை சுமந்து லொறியில் ஏற்றியவர். வேலையை விட்டு ஆறு வருடமாகிறது, தோள் மட்டும் திரும்பி மேலே வரவில்லை. கடையில் எடுக்கும் எந்தச் சேர்ட்டைப் போட்டாலும் வலது பக்கம் கழுத்தடியிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக ஒரு மடிப்பு விழும். அவர் குறை சொல்கிற ஆள் இல்லை. தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்ததைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, பழைய கோடு போட்ட சேர்ட்டோடு கோயிலுக்குப் போய்விடுவார்.

அந்த மடிப்பைப் போக்கத்தான் நான் தையல் பக்கம் வந்தேன். ஹற்றனுக்கு அப்பால் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். மனைவி கல்யாணத்துக்கு முன்பு ஆறு வருடம் ஆடைத் தொழிற்சாலையில் இருந்தவர். வீட்டில் அம்மாவின் பழைய கை மெசின் ஒன்று உண்டு. மூன்று வருடமாகக் கடை, தையல்காரர், வீடு என்று எல்லா வழியையும் பார்த்தாயிற்று. வீட்டில் தைப்பது என்று முடிவெடுத்தாலும் அதற்குள் மறுபடி மூன்று வழி இருக்கிறது: கணினியிலிருந்து அச்சிட்ட பேட்டன் (துணி வெட்டுவதற்கான காகித மாதிரி), நாமே அளவு போட்டு வரைவது, பழைய சேர்ட்டைப் பிரித்துப் படியெடுப்பது.

எது மலிவு என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். இப்போது ஒரு சேர்ட்டைப் பார்த்தால் வேறு கேள்விதான் வருகிறது. இந்த வெட்டு யாருடைய உடம்பை வைத்து வந்தது?

கடைச் சேர்ட்டுக்கு அந்தக் கேள்வியின் விடை, யாருடைய உடம்பும் இல்லை என்பதுதான். ஆண்கள் சேர்ட்டுக்குக் கழுத்தளவுதான் இலக்கம்: 15, 15½, 16. கழுத்து 16 என்றால் மார்பு இவ்வளவு, தோள் இவ்வளவு, கை இவ்வளவு என்று தொழிற்சாலை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டது. அந்த விகிதத்தில் பிறந்தவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. கொழும்பில் வேலை செய்யும் என் தம்பி அப்படி ஒருவன். புறக்கோட்டை நடைபாதையில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்காரும். அவனுக்காக நாலு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிப்பது வீண் வேலை. வளர்கிற பிள்ளைகளுக்கும் அப்படித்தான். கொலர் தைத்து முடிப்பதற்குள் கை குட்டையாகிவிடும்.

ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியதையும் கழித்ததையும் விற்கிற கடைகள் இருக்கின்றனவே, அவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். துணி பல நேரம் நாம் மீற்றர் கணக்கில் வாங்குவதைவிட உசத்தி. ஆனால் அது வேறு நாட்டு ஆளுக்கு வெட்டியது, கை விரல்நுனி வரை வரும். வாங்குவதானால் கடை வாசலில், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு கையும் ஒரே நிறமா, கொலரின் இரண்டு முனையும் ஒரே நீளமா, உள்ளே திருப்பினால் தையல் விட்டுப்போன இடம் உண்டா. நிறம் மாறிய கையை எந்தத் தையல்காரராலும் சரிசெய்ய முடியாது. மற்றதெல்லாம் சமாளிக்கலாம்.

தையல்காரருக்கு வருகிறேன். தீபாவளி முற்பணம் கைக்கு வந்த அடுத்த நாளே தோட்டத்தில் பாதிப் பேர் டவுனுக்கு இறங்கிவிடுவார்கள். எல்லாத் துணியும் ஒரே வாரத்தில் ஒரே மேசையில் குவியும். அப்படி ஒரு வாரத்தில்தான் நானும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். நீளம், தோள், கை, மார்பு, கழுத்து, மணிக்கட்டு என்று ஆறு எண்களை ஒரு கொப்பியில் எழுதினார்கள். ஆறிலும் தோளின் சரிவு இல்லை. தோள் எவ்வளவு அகலம் என்று டேப் சொல்லும், எந்தப் பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக் கண்தான் பிடிக்க வேண்டும். கூட்டமுள்ள நாளில் கண்ணுக்கு ஏது நேரம்? பண்டிகைக்கு முதல்நாள் இரவு ஒன்பது மணிக்குச் சேர்ட் கைக்கு வந்தது. மடிப்பு அப்படியே இருந்தது. போதாக்குறைக்குக் கை இரண்டு அங்குலம் குட்டை.

"சேர், கைய மடிச்சு விட்டுக்கச் சொல்லுங்க, யாருக்கும் தெரியாது" என்றார் தையல்காரர்.

அதற்காகத் தையல்காரரே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கூட்டமில்லாத மாதத்தில், நன்றாகப் பொருந்துகிற பழைய சேர்ட் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போய், ஆளையும் கண்ணாடி முன் நிறுத்திக் காட்டினால் அதே ஆள் நல்ல வேலை செய்வார். பட்டு, வழுக்குகிற துணி, கல்யாணச் சேர்ட் என்றால் நான் இன்றைக்கும் அவரிடம்தான் கொடுப்பேன். வீட்டில் அந்தத் துணிகளோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை.

சரி, வீட்டில் தைப்பது. முதலில் மெசின். சிங்கர் 1877 முதல் இலங்கையில் வியாபாரம் செய்கிறது, எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கறுப்பு நிறத்தில் ஒன்று எங்காவது மூலையில் இருக்கும். அது நேர்த் தையல் மட்டும்தான் போடும். கோணல்மாணலாக ஓடும் தையல் வராது, பொத்தான் துளை வராது, ஓரம் பிரியாமல் பின்னும் ஓவர்லொக்கும் வராது. அதனால் சேர்ட்டுக்குச் சரிவராது என்று நானும் நினைத்திருந்தேன். உண்மையில் ஆண்கள் சேர்ட்டுக்கு ஓவர்லொக்கே தேவையில்லை. ஒரு பக்க ஓரத்தைக் கொஞ்சம் குறைத்து வெட்டி, மற்ற ஓரத்தால் அதை மூடி மடித்து மேலே இன்னொரு தையல் ஓட்டினால் போதும். ஜீன்ஸ் காலின் பக்கத்தில் பார்க்கிறோமே, அதே தையல். நூல் பிரியாது, உள்ளே திருப்பினாலும் அழகு, துவைக்கத் துவைக்கத் தாங்கும். மின்சாரம் போனாலும் கை மெசின் ஓடும். மழைக்காலத்தில் இது எவ்வளவு பெரிய வசதி என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

சேர்ட் துணிக்கு 80/12 என்று போட்ட ஊசி போதும். தையலின் நீளம் அங்குலத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டு. புதிய ஊசி போடாமல் ஆரம்பிக்காதீர்கள். முதல் தடவை துணி இழுபடுவதற்கு மெசினைத் திட்டி, எண்ணெய் விட்டு, கழற்றிப் பூட்டி அரைநாள் போக்கினேன். கடைசியில் பார்த்தால் ஊசி முனை மழுங்கியிருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு கிராமப்புறங்களுக்கும் தொழிற்சாலைகள் வந்தன. மெசினில் உட்கார்ந்து பழகிய பெண்கள் எங்கள் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர். அதனால் 'வீட்டில் தெரிந்த ஆள் இருக்கிறது, தைத்துவிடலாம்' என்று சுலபமாக நினைத்துவிடுகிறோம். என் மனைவி ஆறு வருடமும் கொலர் மட்டும்தான் தைத்தார். கொலர் முனையைக் கூராகத் திருப்புவதில் அவரை மிஞ்ச ஆளில்லை, அதையும் நான் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் செய்துவிடுவார். ஆனால் கையை உடம்போடு எப்படிச் சேர்ப்பது என்று நான் கேட்டபோது, "ஏங்க, அது அடுத்த லைன் வேலை. நான் பார்த்ததே இல்லை" என்றார். ஒரு முழுச் சேர்ட்டை இருவருமாகத்தான் கற்றுக்கொண்டோம்.

காசு மிச்சமாகுமா? முதல் சேர்ட்டில் கட்டாயம் இல்லை. துணி, பொத்தான், கொலருக்குள் வைக்கும் கென்வஸ், நூல் எல்லாம் வாங்கி, பிழையாக வெட்டிய கையைத் திரும்ப வெட்ட மேலதிகத் துணியும் வாங்கி முடித்தபோது, தையல்காரர் கூலியில் சேமித்தது காணாமல் போயிருந்தது. நாலு ஞாயிற்றுக்கிழமைகள் வேறு. மூன்றாவது சேர்ட்டிலிருந்து இரண்டு நாள் போதும், கூலி மிஞ்சும். ஒன்றே ஒன்றுதான் தைக்கப் போகிறீர்கள் என்றால் மெசினை மூடிவைத்துவிட்டுத் தையல்காரரிடம் போய்விடுங்கள்.

இனி பேட்டன். காகிதத்தில் அளவாக வெட்டிய மாதிரி. துணியின் மேல் வைத்து, சோக்கால் கோடு போட்டு, வெட்ட வேண்டியதுதான். ஒரு முழுக்கைச் சேர்ட்டுக்குப் பத்துத் துண்டு வரை வரும்: முன்பக்கம் இரண்டு, முதுகு, தோள்பட்டைத் துண்டு, கை, மணிக்கட்டுப் பட்டி, கை வெட்டில் வைக்கும் சிறு பட்டி, கொலர், கொலருக்கு அடியில் கழுத்தைச் சுற்றி நிற்கும் பட்டி, பொக்கட். 1863இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் எபினேசர் பட்டரிக் என்ற தையல்காரர்தான் வெவ்வேறு அளவுகளில் இப்படிக் காகித மாதிரிகளை வெட்டி விற்கத் தொடங்கினார். அவர் முதலில் விற்றவை ஆண்களுக்கும் சிறுவர்களுக்குமான உடுப்புகள். நாம் கடையில் 'மீடியமா, லார்ஜா' என்று கேட்பதன் வீட்டு வடிவம் அது.

இப்போது அந்தக் காகிதம் கணினியில் வருகிறது. காசு கொடுத்து இறக்குவதும் உண்டு, இலவசமாகவும் உண்டு. நான் எடுத்தது ஃப்ரீசோயிங் என்ற திறந்த மூலத் தளத்தில், சைமன் என்று பெயரிட்ட சேர்ட். நம் அளவுகளைக் கொடுத்தால் நமக்கென்றே வரைந்து தரும். அளவுப் பட்டியலில் தோள் சரிவையும் கேட்கிறது, அதுவும் பாகையில்! கணித வாத்தியாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அப்பாவைச் சுவரோரம் நிறுத்தி, கைப்பேசியைத் தோளில் வைத்து, பாகைமானி போல அளந்தேன். அவர் அசையாமல் நின்றார், பேரன்தான் சிரித்து உருண்டான். ஆனால் அது ஒரே ஒரு சரிவைத்தான் கேட்கிறது. இரண்டு தோளும் சமம் என்று எடுத்துக்கொள்கிறது. அப்பாவின் வலதைக் கொடுத்தால் இடது பிழையாகும், இடதைக் கொடுத்தால் பழைய கதை.

அச்சிடுவதிலும் ஆபத்து உண்டு. ஏ4 தாளில் முப்பது பக்கம் வரை வரும், அதை ஒட்டிச் சேர்க்க வேண்டும். போட்டோகொப்பிக் கடையில் கொடுத்தால் அவர்கள் வழக்கமாகத் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கித்தான் அடிப்பார்கள். முதல் பக்கத்தில் ஒரு சோதனைச் சதுரம் இருக்கும், 10 சென்ரிமீற்றர் என்றோ வேறு அளவென்றோ எழுதியிருக்கும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் முதலில் அடித்து, அங்கேயே நின்று அடிமட்டத்தால் அளக்க வேண்டும். 10 சென்ரிமீற்றர் 9.6 ஆக வந்தால் நாலு வீதம் போய்விட்டது. 46 அங்குலச் சுற்றளவுள்ள சேர்ட் 44க்கு இறங்கிவிடும். பொத்தான் பூட்டினால் இரண்டுக்கு நடுவில் வயிறு எட்டிப்பார்க்கும்.

அப்புறம், தையலுக்கு விடும் ஓரம் பேட்டனுக்குள் சேர்ந்திருக்கிறதா, நாம் சேர்க்க வேண்டுமா என்று பாருங்கள். பெரிய அமெரிக்கக் கம்பனிகளின் கடைப் பேட்டன்களில் 1.5 சென்ரிமீற்றர் சேர்ந்தே இருக்கும், சிலவற்றில் சேர்ந்திருக்காது. சேர்க்காததைச் சேர்ந்ததாக நினைத்து வெட்டினால், இரண்டு பக்கத் தையலுக்கும் நாலு ஓரம், ஓரத்துக்கு 1.5, ஆக 6 சென்ரிமீற்றர் சுற்றளவில் காணாமல் போகும். இது கணக்குத் தெரியாததால் வரும் பிழையும் இல்லை. முதல் பக்கத்தில் உள்ள நாலு வரியை யாரும் வாசிப்பதில்லை, நான் உட்பட.

எங்கள் ஊருக்கென்று ஒரு தொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலை மாதத்தில் ஒட்டிவைத்த முப்பது தாளும் காலையில் நெளிந்து கிடக்கும். ஒட்டுநாடா விட்டுவிடும். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் படியெடுத்து வைத்த பிறகுதான் நிம்மதி.

அச்சிட்ட பேட்டன் யாருக்கு என்றால், இரண்டு தோளும் சமமாக இருந்து, கை நீளம், உடம்பு நீளம் போன்றவை மட்டும் கடைக் கணக்குக்கு ஒத்துவராதவர்களுக்கு. நான் அந்த ரகம். எனக்கு அது முதல் தடவையிலேயே நன்றாக வந்தது. கழுத்தும் கையும் ஒருசேரப் பொருந்தும் சேர்ட்டை முப்பத்தெட்டு வயதில்தான் போட்டேன்.

நாமே வரைவது என்ற வழியைக் கொஞ்சம் அவசரமாகத் தாண்டுகிறேன், ஏனென்றால் அதில் எனக்கு வெற்றி இல்லை. அக்காவின் மனைப்பொருளியல் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு தொடங்கினேன். முன்பக்கத்துக்கும் முதுகுக்கும் மார்பில் நாலில் ஒன்றோடு தளர்வுக்குக் கொஞ்சம், கழுத்தின் பாதி அகலத்துக்குக் கழுத்துச் சுற்றளவில் ஆறில் ஒன்று என்று போகும். அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று கண்டபோது மட்டும் மகிழ்ச்சி. வட்டத்தின் சுற்றளவை 2π ஆல், அதாவது 6.28 ஆல் வகுத்தால் ஆரம் வரும், கழுத்தைக் கிட்டத்தட்ட வட்டமாக எடுத்துக்கொண்டு ஆறால் வகுக்கிறார்கள். 16 அங்குலக் கழுத்துக்கு இரண்டே முக்கால் சுமார். இதை வகுப்பில் சொன்னபோது பின்வாங்கு மாணவர்கள் கூடத் தலை நிமிர்ந்தார்கள். ஆனால் கைக்குழியின் வளைவுக்கு எந்தச் சூத்திரமும் முழுதாக உதவாது, அது கைப்பழக்கம். நான் வரைந்தது பெட்டிக்குக் கை வைத்தது போல வந்தது. பழைய பெட்ஷீட்டில் வெட்டிப் பார்த்ததால் துணி தப்பியது. புதிய பேட்டன் எதுவாக இருந்தாலும் முதல் வெட்டைப் பெட்ஷீட்டில் போடுங்கள். பொறுமையும், பக்கத்தில் திருத்திக்காட்ட ஓர் ஆளும் இருந்தால் இந்த வழிதான் கடைசியில் எல்லாவற்றையும்விட ஆழமானது. எனக்கு இரண்டும் இருக்கவில்லை.

மிஞ்சியது பழைய சேர்ட். அப்பா கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகிற அந்தக் கோடு போட்ட சேர்ட். கொலரும் கை ஓரமும் தேய்ந்து நைந்திருந்தன. கேட்கவே தயக்கமாக இருந்தது. "திரும்பத் தைச்சுத் தந்திடுவோம் மாமா" என்று மனைவி வாக்குக் கொடுத்த பிறகுதான் கழற்றித் தந்தார்.

சாதாரணமாக இந்த வேலைக்குப் பாதிச் சேர்ட்டைப் பிரித்தால் போதும். ஒரு முன்பக்கம், முதுகில் பாதி, ஒரு கை, பாதிக் கொலர். மறுபாதி தைத்தபடி இருந்தால் எப்படிச் சேர்ப்பது என்று பார்த்துப் பார்த்துத் தைக்கலாம், அதுவே ஒரு பாடப்புத்தகம். நாங்கள் அப்பாவுக்காக இரண்டு பக்கமும் பிரித்தோம். ஒவ்வொரு தையலாக முனை கூரிய கத்தரியால் நூலை வெட்டி எடுக்க ஒரு மாலை முழுவதும் போயிற்று. பிரித்த துண்டுகளை அயன் பண்ணி, இழுக்காமல் தட்டையாக வைத்து, பழைய தையல் ஓடிய கோட்டைத்தான் காகிதத்தில் படியெடுக்க வேண்டும். ஓரத்தைப் படியெடுத்தால் பிழை வரும், ஓரம் நைந்து குறைந்திருக்கும். தையலுக்கு விடும் ஓரத்தைப் பிறகு நாமே ஒரே சீராகச் சேர்க்கலாம்.

தோள்பட்டைத் துண்டை எடுத்து நடுவில் மடித்தேன், இரண்டு பாதியும் பொருந்துகிறதா என்று பார்க்க. பொருந்தவில்லை. வலது பக்கம் தோள் நுனியில் அரை அங்குலம் குறைவாக வெட்டப்பட்டிருந்தது, கழுத்துப் பக்கம் வரும்போது வித்தியாசம் ஒன்றுமில்லாமல் கரைந்துவிடுகிறது. வலது கைக்குழியின் அடியும் அதே அரை அங்குலம் கீழே இறங்கியிருந்தது, குழி சிறுத்துவிடாமல் இருக்க. வெட்டுப் பிழையோ என்று மனைவியிடம் காட்டினேன். இரண்டு இடத்திலும் ஒரே அளவு, பிழை அப்படி வராது என்றார்.

அந்தச் சேர்ட்டைத் தைத்தவர் முன்பு எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மாதம் ஒருமுறை வந்து துணி வாங்கிப் போகிற ஒரு பெரியவர். காலமாகிப் பல வருடமாகிறது. அப்பாவிடம் கேட்டேன், அவர் ஏதாவது சொன்னாரா என்று. "அளவெடுக்கும்போது ஒருதரம் தோளைத் தொட்டுப் பார்த்தார். அவ்வளவுதான்."

டேப்பில் வராத, படிவத்தில் கேட்காத ஓர் அளவு அந்தத் துணிக்குள் இத்தனை வருடமாக இருந்திருக்கிறது. நன்றாகப் பொருந்துகிற பழைய உடுப்பைப் பிரிக்கும்போது நமக்குக் கிடைப்பது இதுதான்: நம் ஆளை நேரில் பார்த்த ஒருவருடைய கண்.

இந்த வழிக்கும் குறை உண்டு. பழைய சேர்ட் பொருந்தவில்லை என்றால் அதன் பிழையையும் சேர்த்தே படியெடுப்போம். வருடக்கணக்கில் துவைத்த துணி நீளவாக்கில் சுருங்கியிருக்கும், கழுத்து, கைக்குழி போலச் சாய்வாக வெட்டின இடங்கள் இழுபட்டிருக்கும். அதனால் ஒன்றோடு ஒன்று சேரும் கோடுகளை டேப்பை நிமிர்த்தி வைத்து அளந்து ஒப்பிட வேண்டும். முன்பக்கத்தின் பக்கத் தையலும் முதுகின் பக்கத் தையலும் ஒரே நீளம் இருக்க வேண்டும். கையின் மேல் வளைவு கைக்குழியைவிட ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் கூட இருக்கலாம், அதற்கு மேல் என்றால் எங்கோ இழுபட்டிருக்கிறது. அப்பாவுடைய மாதிரித் தோள் என்றால் துணியை மடித்து இரட்டையாக வெட்டவும் கூடாது, இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். விரித்த துணியில் ஒவ்வொரு துண்டாக வெட்ட வேண்டும். லயத்துக் காம்பராவில் இது ஒரு தனிப் பிரச்சினை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் கட்டிலும் அலுமாரியும் போக எங்கே விரிப்பது? கட்டிலை வாசலுக்குத் தூக்கிப் போட்டுவிட்டுத் தரையில் வெட்டினோம்.

துணி பற்றிச் சுருக்கமாக. 58 முதல் 60 அங்குல அகலம் என்றால் முழுக்கைச் சேர்ட்டுக்கு இரண்டு மீற்றர் போதும், 45 அங்குல அகலம் என்றால் இரண்டரை யார் வரை வேண்டும். கோடு, கட்டம் போட்ட துணிக்கு இன்னும் அரை மீற்றர் கூட வாங்குங்கள், பொக்கட்டில் கோடு சேர்க்க அது தேவைப்படும். பருத்தியை வெட்டுவதற்கு முன் துவைத்துக் காயவைக்க வேண்டும், சுருங்குவதை இப்போதே சுருங்கவிட்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே மழைக்காலத்தில் பருத்தி காய மூன்று நாள் என்றால் ஆச்சரியமில்லை. எங்கள் பக்கமும் அதற்குக் குறைவில்லை. அன்றாடம் போடுவதற்குப் பொலியெஸ்டர் கலந்த பருத்தி நல்லது, சீக்கிரம் காயும். முதல் சேர்ட்டுக்கு வழுக்காத, கொஞ்சம் கனமான பருத்தியே நல்லது. பழகுவதற்குத் தனியாகச் செலவழிக்க மனமில்லையென்றால், பாடசாலையில் அரசு இலவசமாகத் தரும் வெள்ளைச் சீருடைத் துணி இருக்கிறது. எங்கள் மகனின் அரைக்கைச் சேர்ட்டில்தான் நாங்கள் கை சேர்க்கப் பழகினோம். வெள்ளையில் கோணல் தையல் தெரியாது, பையனும் ஒரு வருடத்தில் அதைக் கிழித்துவிடுவான்.

கை சேர்ப்பதில் எனக்குப் பிடிபட்ட ஒரு விடயம்: சேர்ட்டின் கையைக் குழாயாகத் தைத்துவிட்டு வட்டத்துக்குள் பொருத்த முயன்றால் அழுகைதான் வரும். தோளைத் தைத்ததும், பக்கம் திறந்திருக்கும்போதே கையைத் தட்டையாக வைத்துச் சேர்த்துவிட வேண்டும். பிறகு மணிக்கட்டிலிருந்து அக்குள் வழியாக இடுப்பு வரை ஒரே ஓட்டமாகப் பக்கத்தை மூடலாம்.

பொத்தான் துளைதான் கை மெசின்காரர்களின் கடைசித் தடை. கையால் பின்னலாம், ஒரு துளைக்கு இருபது நிமிடம், சேர்ட்டுக்கு முன்பக்கம் மட்டும் ஏழு. நாங்கள் அதை டவுனில் தையல்காரரிடம் கொடுத்துப் போட்டுக்கொள்கிறோம், சின்னக் கூலிதான். முழுதும் நாமே செய்ய வேண்டும் என்ற வீம்பு எனக்கு இல்லை. துளை போடும் இடங்களை மட்டும் நாம் குறித்துக் கொடுக்க வேண்டும். முதலில் மார்பு அகலமாக இருக்கும் இடத்தில் ஒன்று, பிறகு அதிலிருந்து மேலும் கீழும் மூன்றரை அங்குல இடைவெளியில்.

ஆக, இந்த வருடம் எங்கள் வீட்டுக் கணக்கு இப்படி. தம்பிக்குக் கடைச் சேர்ட். எனக்கு அச்சிட்ட பேட்டன், கழுத்துப் பட்டியை மட்டும் கொஞ்சம் தாழ்த்தி. மனைவியின் அண்ணா மகன் கல்யாணத்துக்குப் பட்டுச் சேர்ட், அது தையல்காரரிடம், அதுவும் இரண்டு மாதம் முன்கூட்டியே. அப்பாவுக்கு அந்தக் கோடு போட்ட சேர்ட்டின் படி. அந்தப் பழைய சேர்ட்டைக் கொலரைத் திருப்பிப் போட்டுச் சொன்னபடியே தைத்துக் கொடுத்துவிட்டோம். காகிதத் துண்டுகளை 'அப்பா, வலது' 'அப்பா, இடது' என்று எழுதிச் சுருட்டி, ஒரு பிவிசி குழாய்க்குள் போட்டுக் கூரைச் சட்டத்தில் கட்டியிருக்கிறேன். ஈரமும் எலியும் எட்டாது.

போன கிழமை துணியை வெட்டப் போகும்போது அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சோக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பொக்கட்ட இன்னும் அரை அங்குலம் ஆழமா வையி. குனிஞ்சா போன் விழுது" என்றார்.